காட்கோபரில் ஒரு மொழி வகுப்பு

பழைய பிரித்தானியத் தொலைக்காட்சி குறித்த ஏக்கம் காட்கோபரில் பெரும்பாலும் இந்தி வடிவிலேயே வாழ்கிறது. என் தந்தையின் தலைமுறை இன்றும் நினைவுகூரும் ‘சபான் சம்பால்கே’ 1993இல் தூர்தர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில் வந்தது. கேபிள் இணைப்பில்லாத வீட்டிலும் ஆண்டெனா இருந்தால் போதும், பார்த்துவிடலாம். அதன் மூலம், இலண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் தயாரித்து 1977 டிசம்பர் 30 முதல் ஐடிவியில் ஒளிபரப்பான ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’. அயல்நாட்டார் ஆங்கிலம் பயிலும் ஒரு மாலை வகுப்பே அதன் களம்.

அத்தொடரின் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். பாகிஸ்தானியராக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். இலண்டன் பார்வையாளரின் செவிக்கு ‘இந்திய உச்சரிப்பு’ என ஒன்று இருந்தால் போதுமானதாக இருந்தது. அது எவருடையது என்பது பொருட்டாகவில்லை. இனங்களை இழிவாகச் சித்திரிக்கிறது எனக் கருதிய மைக்கேல் கிரேடு 1979இல் தொடரை நிறுத்தினார்.

இந்தி வடிவத்தில் பங்கஜ் கபூர் ஆசிரியர். மாணவர்களில் ஆங்கிலேயராக டாம் ஆல்டர், மராட்டியராக விஜு கோட்டே. ஒரு தமிழரும் உண்டு. இலண்டன் வகுப்பில் அனைவரும் அயல்நாட்டார். இங்கோ பெரும்பாலோர் சொந்த நாட்டார்.

மும்பைத் தமிழருக்கு உச்சரிப்புக் கேலி ஒரு பழைய காயம். 1966இல் சிவசேனை தோன்றிய காலத்தில் தென்னிந்தியரின் பேச்சொலியைப் பழிக்கப் புழங்கிய ‘யண்டுகுண்டு’ என்ற சொல்லை முதியோர் இன்னும் மறக்கவில்லை. வேலைக்கும் உணவகங்களுக்கும் எதிரான அரசியலோடு அக்கேலியும் சேர்ந்தே வந்தது. 1992–93 கலவரங்களின் நினைவு ஆறாத ஆண்டில் அதே உச்சரிப்பு நகைச்சுவையாகத் திரும்பியபோது எப்படிச் சிரிக்க முடிந்தது? தந்தையிடம் கேட்டேன். “அந்த கிளாஸ்ல எல்லாரும்தானே தப்பாப் பேசினாங்க? மராட்டிக்காரரும் நம்ம பக்கத்துலதானே உக்காந்திருந்தார்!” என்றார்.

இவ்விடை எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. எது பிழை என்று தீர்மானிப்பது அவ்வகுப்பில் ஆசிரியரின் இந்திதான். தமிழில் பேருந்தும் தண்ணீரும் அஃறிணை. இந்தியில் பேருந்து பெண்பால், தண்ணீர் ஆண்பால். ஆகவே ‘பஸ் ஆயா’ என்பவர் அறியாமையால் அன்று, தம் தாய்மொழி இலக்கணத்தின்படியே பேசுகிறார். மும்பைத் தெருவில் புழங்கும் இந்தியே இவ்விதிகளைப் பெரிதும் தளர்த்திக்கொண்டது. அந்த ஆசிரியர் காட்கோபர் நிலையத்துக்கு வந்திருந்தால் பழம் விற்பவர் முதல் பயணிகள் வரை அனைவரையும் வகுப்பில் உட்காரவைத்திருப்பார்.

வினாடிவினாவின் கதை எளிது. ஐடிவியில் 1998இல் தொடங்கிய கோடீசுவரப் போட்டி, 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சன் நடத்த ‘கௌன் பனேகா குரோர்பதி’யாக இந்திக்கு வந்தது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை. தந்தை அதையும் தவறாமல் பார்த்தார். எனினும் அவர் ஏங்குவது அந்த வகுப்பறைக்காகத்தான். பள்ளியில் முறையான இந்தி பயின்று, வீட்டில் அவருடைய ஆண்பால் பெண்பாலைத் திருத்திக்கொண்டிருந்தவன் நான். மொழியியல் முதுகலையின் இரண்டாம் பருவத்தில் அந்த வழக்கத்தை விட்டேன்.