ஓர் இலக்கம் குறைந்த தந்தி

போலந்தின் தென்கிழக்கில், பெல்ஜெட்ஸ் என்ற சிற்றூரை ஒட்டிய சரிவு முழுக்கக் கருத்த உலைக்கசடு பரப்பியிருக்கிறார்கள். 2004இல் திறந்த நினைவிடம் அது. சுற்று ஓரத்தில் இரும்பு எழுத்தில் ஊர்ப்பெயர்கள்: யூதர்களை ரயிலேற்றி அனுப்பிய ஊர்கள், மாத வாரியாக. ஊர்களைப் படித்துக்கொண்டே நடக்கலாம். எத்தனை பேர் என்பதுதான் நெடுங்காலம் பிடிபடவில்லை. 1942 மார்ச்சில் இங்கே தொடங்கிய நாஜிக் கொலை முகாமுக்கு அந்த டிசம்பரோடு ரயில்கள் நின்றன. பிறகு பிணங்களைத் தோண்டி எரித்தார்கள், மரம் நட்டார்கள், பண்ணை வீடு கட்டினார்கள். போருக்குப்பின் போலந்து விசாரணையாளர்கள் 600,000 என்றார்கள். அது மதிப்பீடு, பல நூல்களில் அதுவே நிலைத்தது.

துப்பு கிடைத்தது லண்டனில், க்யூ தேசிய ஆவணக் காப்பகத்தில். போர்க்காலத்தில் பிரிட்டன் இடைமறித்து மறைகுறி நீக்கிய ஜெர்மானியத் தந்திகளின் கட்டுகளுக்குள் இருந்த ஒரு தாளை, பீட்டர் விட்டேயும் ஸ்டீஃபன் டையஸும் 2001இல் வெளியிட்டார்கள். 1943 ஜனவரி 11 அன்று லூப்ளினிலிருந்து எஸ்.எஸ். அதிகாரி ஹெர்மன் ஹோஃப்லே அனுப்பியது. டிசம்பர் 31 வரையிலான இரு வார வரவு முதலில். அடுத்து மொத்த வரவு. முகாம்களுக்குப் பெயரில்லை, முதலெழுத்து மட்டும்: எல், பி, எஸ், டி.

லூப்ளின், பெல்ஜெட்ஸ், சோபிபோர், ட்ரெப்ளிங்கா என்று விரிப்பது ஊகம்தானே? இரு வாரக் கணக்கில் ‘பி’க்கு நேரே பூஜ்யம். ரயில் நின்றுபோன முகாம் பெல்ஜெட்ஸ். பொருந்துகிறது.

மொத்தக் கணக்கு இடறுகிறது. எல் 24,733, பி 434,508, எஸ் 101,370, டி 71,355. கூட்டினால் 631,966. தந்தியின் அடியிலோ 1,274,166 என்றிருக்கிறது. பாதிக்குப் பாதி வித்தியாசம்! கூட்டல் தப்பா, பதிவு தப்பா? மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்துப் பாருங்கள்: 713,555. ட்ரெப்ளிங்காவின் எண்ணில் ஒரு 5 விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பிடியும் உண்டு. எஸ்.எஸ். தலைவர் ஹிம்லருக்காகப் புள்ளியியலாளர் ரிச்சர்ட் கோர்ஹெர் 1943இல் எழுதிய அறிக்கையில் அதே 1,274,166, கடைசி இலக்கம் வரை. இதை இரண்டாவது சாட்சி என்று சொல்ல நான் தயங்குவேன். ஹோஃப்லேயின் தகவல் பெர்லினில், யூதர்களை நாடுகடத்தும் வேலையைக் கவனித்த ஐக்மனுக்கும் போனது. கோர்ஹெருக்குப் புள்ளிவிவரம் தந்ததும் ஐக்மனின் அலுவலகம். ஒரே கணக்கின் இரு பிரதிகள் என்பதே சரி. ஆனால் மொத்தத்தைத் தந்தி இறக்கியவர் தப்பாக எழுதவில்லை என்பதற்கு அது போதும்.

‘வரவு’ என்றால் சாவா? பெல்ஜெட்ஸில் வந்தவர்களைத் தங்கவைக்க இடமே கிடையாது. வேலைக்கென்று பிடித்து வைத்த சிலர் தவிர மற்றவர்களை வந்த சில மணி நேரத்தில் விஷவாயுவில் கொன்றார்கள். மற்ற மூன்று முகாம்களும் 1943இலும் இயங்கியதால், அவற்றுக்கு இது இறுதிக் கணக்கு அல்ல. பெல்ஜெட்ஸுக்கு ஏறக்குறைய இறுதிக் கணக்கு.

1962இல் வியன்னா சிறையில் விசாரணைக்கு முன்பே ஹோஃப்லே தூக்கிட்டுக்கொண்டார். பெல்ஜெட்ஸ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எட்டுப் பேரில் ஏழு பேர் விசாரணைக்கு முன்பே விடுபட்டார்கள். தண்டனை பெற்றவர் யோசஃப் ஓபர்ஹவுசர் ஒருவரே. 1965இல் மியூனிக் நீதிமன்றம் 300,000 கொலைகளுக்கு உடந்தை என்று கணக்கிட்டு, நான்கரை ஆண்டு சிறை விதித்தது.