காபூல் பாதையில் இரு தோழியர்

வரலாற்றுக்குச் சான்றுகள் யாவை என வகுப்பில் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், அயல்நாட்டார் பயணக்குறிப்பு என்று மாணவர் வரிசையாகச் சொல்வர். நிழற்படத்தைச் சேர்த்துச் சொல்வோர் மிகச் சிலரே. சொல்வோரும் அதனை நூலின் பக்கத்தை அழகுசெய்யும் துணைப்பொருளாகவே எண்ணுவர். ஆயின், கல்வெட்டைப் போலவே நிழற்படமும் படித்தறியத்தக்க ஆவணமாகும். யார் எடுத்தார், எந்நிலையில் எடுத்தார், எதனை எடுக்காது விட்டார் என்று வினவி வினவியே அதன் பொருளைக் காணல் வேண்டும். இக்கருத்தை விளக்க, இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர் இரு தோழியர் மேற்கொண்ட நெடும்பயணம் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

புறப்பட்ட இருவர்

1939ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 6ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரிலிருந்து ஃபோர்டு மகிழுந்து ஒன்று கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அது சேரவேண்டிய இடம் ஆப்கானிஸ்தானத்துத் தலைநகரான காபூல். அதில் இருந்தோர் இருவர், இருவரும் பெண்கள்.

மூத்தவர் எலா மய்யார். அப்போது அவருக்கு அகவை 36. 1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் பாய்மரப் படகோட்டத்தில் தம் நாட்டுக்காகக் கலந்துகொண்டவர். 1935இல் ஆங்கில எழுத்தாளர் பீட்டர் ஃபிளெமிங்குடன் பீக்கிங்கிலிருந்து காசுமீரம் வரை தரைவழியே பயணம் செய்து புகழ்பெற்றவர்.

இளையவர் அன்னெமாரி ஷ்வார்சன்பாக், அகவை 31. சூரிச் நகரத்துச் செல்வமிக்க பட்டுத்தொழில் குடும்பத்தில் பிறந்தவர்; வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்; நாத்சி ஆட்சியை வெறுத்தவர். அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சியால் நலிந்த உழைப்பாளர் வாழ்வைத் தம் கருவியால் பதிவு செய்தவர். இத்துணைத் திறன் படைத்த அவரை மார்பின் என்னும் போதைமருந்துப் பழக்கம் பற்றி வருத்திக்கொண்டிருந்தது. நெடும்பயணமும் புதிய நிலமும் தம் தோழியை அப்பிடியிலிருந்து மீட்கும் என்று எலா நம்பினார். ஆகவே, அப்பயணத்திற்கு நோக்கம் இரண்டு: ஒன்று உலகு அறிய எழுதுவதும் படம் எடுப்பதும், மற்றொன்று உலகு அறியாத நோக்கம்.

இரு கருவிகள், இரு பார்வைகள்

அந்நாளில் பயணிகள் விரும்பிய நிழற்படக் கருவிகளுள் சிறந்தவை இரண்டு. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா ஒன்று. 1929இல் வந்த ரோலிஃப்ளெக்ஸ் மற்றொன்று. எலா லைக்காவைக் கையாண்டவர். அன்னெமாரி ரோலிஃப்ளெக்ஸில் தேர்ந்தவர். லைக்காவின் 35 மில்லிமீட்டர்ச் சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். ரோலிஃப்ளெக்ஸ் சுருளில் 12 சதுரப் படங்களே எடுக்க இயலும்.

வேறுபாடு எண்ணிக்கையில் மட்டும் நிற்பதன்று. லைக்காவைக் கண்ணோடு ஒட்டிவைத்து எதிரிலிருப்பவரை நேரே நோக்கிப் படம் எடுக்க வேண்டும். ரோலிஃப்ளெக்ஸையோ இடுப்பளவில் தாங்கித் தலைகுனிந்து மேற்புறக் கண்ணாடியில் உருவத்தைப் பார்க்க வேண்டும். அக்கண்ணாடியில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றும். ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதும் மற்றவர் குனிந்து பார்ப்பதும் ஒரே காட்சியை இரு வேறு காட்சிகளாக்கிவிடும்.

சுருளில் எடுத்த படம் எவ்வாறு அமைந்தது என்பதை அதே இடத்தில் அறிய வழியில்லை. இருட்டறையில் மருந்துநீரில் கழுவிய பின்னரே உருவம் வெளிப்படும். அதுவரை கோடை வெப்பமும் பாலைப் புழுதியும் சுருளைக் கெடுத்துவிடாமல் காத்தல் வேண்டும். பயணி தாம் கண்டதை நம்பிக்கையின் பேரிலேயே சேமித்துச் சென்றார் எனலாம்.

கடந்து சென்ற பாதை

இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா ஆகிய நாடுகளைக் கடந்து தோழியர் இஸ்தான்புல் அடைந்தனர். கருங்கடலில் மகிழுந்தையும் கப்பலேற்றித் திரப்சோன் துறைமுகத்தில் இறங்கினர். பின்னர்க் கிழக்குத் துருக்கியின் மலைவழியே ஈரானுக்குள் புகுந்து தப்ரீசையும் தெகரானையும் கண்டனர். வட ஈரானின் சமவெளியில் தனித்து நிற்கும் குன்பத்-இ-காபூஸ் என்னும் செங்கற் கோபுரம் அவர்களைக் கவர்ந்தது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ நம் இராசராசன் தஞ்சையில் பெருங்கோயில் எழுப்பிய காலத்தில், கட்டப்பெற்ற கல்லறைக் கோபுரம் அது.

மஷ்ஹத் வழியாக ஆப்கானிஸ்தானத்து ஹெராத்தை அடைந்த அவர்கள், அங்கிருந்து மசார்-இ-ஷெரீப் வழியாகச் செல்லும் வடபாதையில் காபூல் நோக்கிச் சென்றனர். கைசார் என்னும் ஊரில் உள்வீட்டுத் தோட்டத்தில் திரையின்றி இருந்த பெண்களைக் காணும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டியது. அயல்நாட்டு ஆடவர் எவரும் கால்வைக்க இயலாத இடம் அது. சான்று கூறுவோர் யார் என்பதைப் பொறுத்தே சான்றின் எல்லை விரிகிறது என்பதற்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாமியான் பள்ளத்தாக்கில் செங்குத்தான பாறையில் குடையப்பெற்று ஏறத்தாழ 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்து நின்ற இரு புத்தர் சிலைகள் அவர்களை வரவேற்றன. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் கண்டு எழுதிய அதே சிலைகள் அவை. அவர் எழுத்தால் பதிந்ததை இவர்கள் ஒளியால் பதிந்தனர்.

பிரிவு

செப்டம்பர்த் தொடக்கத்தில் ஐரோப்பாவில் போர் மூண்டபோது இருவரும் காபூலில் இருந்தனர். நாடுகளுக்கிடையே போர் வெடித்த அவ்வேளையில் தோழியின் உள்ளே நடந்த போரும் தோல்வியை நோக்கிச் சென்றது. அன்னெமாரி மீண்டும் போதைமருந்தின் பிடியில் வீழ்ந்தார். இருவர் வழியும் பிரிந்தன.

அன்னெமாரி 1940இன் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து கப்பலேறி ஐரோப்பா திரும்பினார். 1942 செப்டம்பரில் மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் 34ஆம் அகவையில் மறைந்தார்.

எலா தெற்கு நோக்கி நடந்தார். போர்க்காலத்தைத் தமிழ்நாட்டில், திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் ஆசிரமத்தை அடுத்து வாழ்ந்து கழித்தார். உலகின் பல எல்லைகளைத் தொட்ட கால்கள் அருணை மலையின் அடியில் தங்கின. 1947இல் இப்பயணத்தைப் பற்றி எலா எழுதிய நூல் வெளிவந்தது. ‘கொடிய வழி’ எனப் பொருள்படும் தலைப்புடைய அந்நூலில் தோழியின் பெயர் கிறிஸ்தினா என மாற்றப்பட்டிருந்தது.

அழிந்தவையும் நின்றவையும்

அன்னெமாரியின் மறைவுக்குப் பின் அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தாயார் அழித்துவிட்டார். நண்பர் ஒருவரின் பொறுப்பில் இருந்த எழுத்துப்படிகளும் நிழற்படங்களும் மட்டுமே தப்பின. அவை இன்று பெர்ன் நகரிலுள்ள சுவிஸ் இலக்கிய ஆவணக்காப்பகத்தில் பேணப்படுகின்றன. எலாவின் படங்கள் லோசான் நகர நிழற்பட அருங்காட்சியகத்தில் உள்ளன.

2001 மார்ச்சில் தாலிபான்கள் பாமியான் சிலைகளை வெடிவைத்துத் தகர்த்தனர். எலா 1997இலேயே காலமாகிவிட்டார். ஆகவே, கல் அழிந்துவிடும், தாம் எடுத்த மெல்லிய சுருளே எஞ்சும் என்பதை அவ்விருவருள் ஒருவரும் அறிந்திலர். பதினான்கு நூற்றாண்டுகள் நின்ற பாறைச் சிலையினும் ஒரு விரல் அகலச் சுருள் நெடிது வாழ்ந்தது என்பது எண்ணி எண்ணி வியத்தற்குரியது.

எனினும், நிழற்படத்தின் குறையையும் இங்கே கூறியாக வேண்டும். சிலைகளும் ஒட்டகங்களும் மலைச்சாலையும் மகிழுந்தும் அப்படங்களில் காணக்கிடைக்கின்றன. அவற்றை எடுத்தவளின் துன்பம் அவற்றில் இல்லை. கருவியின் பின்னால் நின்றவள் படத்தினுள் வருவதில்லையன்றோ! பாமியானின் முன் நின்ற பெண்ணின் உள்ளம் எந்நிலையில் இருந்தது என்பதைத் தோழி எழுதிய நூலின் வழியே அறிகிறோம். அதுவும் தோழியின் பார்வையே. அன்னெமாரி தம்மைப் பற்றித் தாமே எழுதிவைத்த நாட்குறிப்புகளோ சாம்பலாயின. எனவே, படத்தை எழுத்தோடும், ஒருவர் சான்றை மற்றவர் சான்றோடும் ஒப்புநோக்கியே வரலாறு எழுதப்பெறுதல் வேண்டும். ஒன்று கிடைக்காதபோது அவ்விடம் வெறுமையாய் இருக்கிறது என ஒப்புக்கொள்வதும் வரலாற்றாசிரியர் கடமையாகும்.

நம் கடமை

இப்பாடம் நமக்கும் உரியது. இந்நாட்டில் எத்தனையோ தோட்டங்கள் மறைந்துவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, பள்ளிகள் இடம்பெயர்ந்தன. அவற்றின் தோற்றம் நம் வீடுகளின் பழைய பெட்டிகளில், மங்கிய நிழற்படங்களாய்க் கிடக்கிறது. பல படங்களின் பின்புறத்தில் பெயரோ ஊரோ ஆண்டோ இல்லை. அவற்றில் நிற்பவரை அடையாளம் காட்டக்கூடிய முதியோரும் ஒருவர்பின் ஒருவராய் மறைந்துவருகின்றனர்.

ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரிடம் ஒரு பணியை ஒப்படைக்கலாம். வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைப் பெரியவரிடம் காட்டி, இது யார், எந்த ஊர், எந்த ஆண்டு, படம் எடுத்தவர் யார் எனக் கேட்டு, படத்தின் பின்னே பென்சிலால் எழுதிவரச் செய்யலாம். அந்நான்கு வரிகள் எழுதப்படும்வரை அது வெறும் படமே. எழுதப்பட்ட பின்னர் அது வரலாறாகும்.