யார் பாட்டு இது?

'மனுசங்கடா' பாட்டு ஒலிக்காத தலித் மேடை தமிழ்நாட்டில் அபூர்வம். எழுதியவர் இன்குலாப். ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடியவர் கே.ஏ. குணசேகரன். கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது மாணவர் யாராவது கேட்டுவிடுவார்: "தோழர், இன்குலாப் தலித் இல்லையே. அப்ப இது எப்படி நம்ம பாட்டாகும்?" தலித் இலக்கியத்தை யார் எழுதலாம் என்று தொண்ணூறுகளில் நடந்த சண்டையின் மிச்சம் இந்தக் கேள்வி. சும்மா தள்ளிவிட முடியாது.

இதே கேள்வி இன்னொரு பாட்டுக்கும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு என்று உலகம் முழுக்க அறியப்பட்ட 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. 'விசித்திரமான பழம்' என்று சொல்லலாம். பாடியவர் பில்லி ஹாலிடே. அதன் கதையைப் பார்த்துவிட்டு நம்ம பாட்டுக்கு வருவோம்.

1930 ஆகஸ்ட் 7. இந்தியானா மாநிலத்தில் மேரியன் என்ற ஊர். தாமஸ் ஷிப், ஆப்ராம் ஸ்மித் என்ற இரண்டு கறுப்பு இளைஞர்களை வெள்ளைக் கும்பல் சிறையை உடைத்து இழுத்து வந்து, அடித்து, மரத்தில் தொங்கவிட்டது. உள்ளூர்ப் போட்டோக்காரர் ஒருவர் படம் எடுத்தார். மரத்தடியில் நிற்கிறவர்கள் யாரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஒருத்தர் உடல்களை விரல் நீட்டிக் காட்டுகிறார். ஏதோ திருவிழாவுக்கு வந்த மாதிரி நிற்கிறார்கள். அந்தப் படத்தைப் பிரதி போட்டு ஆயிரக்கணக்கில் விற்றார்கள். கொலைக்கு ஒருத்தரும் தண்டிக்கப்படவில்லை.

அப்படியொரு படத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர் ஏபல் மீரோபோல். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர், யூதர், கம்யூனிஸ்ட். மரத்தில் தொங்கும் மனித உடலைப் பழமென்று பாடும் கவிதையை எழுதினார். 1937இல் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் அது வந்தது. பிறகு அவரே மெட்டும் போட்டார்.

பாட்டு 1939இல் பில்லி ஹாலிடேயிடம் வந்து சேர்ந்தது. இடம், நியூயார்க்கின் 'கஃபே சொசைட்டி'. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார முடிந்த விடுதிகள் அரிதாக இருந்த காலத்தில் அப்படி நடத்தப்பட்ட இடம் அது. இந்தப் பாட்டைக் கடைசியில்தான் பாடுவார். பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். விளக்குகள் அணையும், அவர் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். முடிந்ததும் போய்விடுவார். எவ்வளவு கைதட்டினாலும் திரும்ப வரமாட்டார். அவருடைய வழக்கமான கம்பெனி கொலம்பியா இதை இசைத்தட்டாக்க மறுத்தது. கமடோர் என்ற சின்னக் கம்பெனிதான் 1939 ஏப்ரல் 20 அன்று பதிவு செய்தது. அப்போது அவருக்கு வயது 24.

எனக்கு இங்கிலீஷ் பாட்டு பழக்கமில்லை. ஆனாலும் இந்தக் குரல் தொந்தரவு செய்தது. அவர் கத்தவில்லை, விம்மவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார், போலீஸ் ஸ்டேஷனில் பிணத்தை அடையாளம் காட்டுகிற அக்கா மாதிரி. இசைக்காரரான அவருடைய அப்பா 1937இல் டெக்சாஸ் மாநிலத்தில் கறுப்பர் என்பதால் உரிய நேரத்தில் வைத்தியம் கிடைக்காமல் செத்தார். அந்தச் சாவைத்தான் இந்தப் பாட்டில் தான் கண்டதாகப் பில்லி சொல்லியிருக்கிறார். மீரோபோல் போட்டோவில் பார்த்ததைப் பில்லி வீட்டுக்குள் பார்த்தவர்.

1956இல் வந்த தன்வரலாற்றில், மெட்டில் தனக்கும் பங்குண்டு என்று எழுதினார். மீரோபோல் மறுத்தார். சொல்லும் மெட்டும் மீரோபோலுடையவைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் வேடிக்கை பார்த்து எழுதியவருமல்ல. கம்யூனிஸ்ட் கட்சி காசு கொடுத்து எழுதச் சொன்னதா என்று சட்டமன்ற விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டுக் கேட்டது. 1953இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ரோசன்பெர்க் தம்பதியரின் இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தவரும் அவர்தான்.

ஆனால் பாட்டைச் சுமந்த தொண்டை கொடுத்த விலை வேறு. போதைப்பொருள் வழக்கில் 1947இல் பில்லி சிறைக்குப் போனார். வெளியே வந்தபிறகு, மது விற்கும் விடுதிகளில் பாடுவதற்கான உரிமச் சீட்டு நியூயார்க்கில் அவருக்குக் கிடைக்கவில்லை. கஃபே சொசைட்டி மாதிரி இடத்தில் இனிப் பாட முடியாது என்று அர்த்தம். 1959இல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே கைது செய்தார்கள். ஜூலை 17 அன்று செத்துப்போனார். 1999இல் 'டைம்' பத்திரிகை இதை நூற்றாண்டின் பாட்டு என்றது. கும்பல் படுகொலையைத் தனிக் குற்றமாக்கும் அமெரிக்க மத்தியச் சட்டம் 2022இல்தான் வந்தது. பாட்டு பதிவாகி 83 வருசம் கழித்து!

இப்போது நம்ம பாட்டுக்கு வருவோம்.

நம்ம சனங்களின் தொண்டை காலங்காலமாக அடுத்தவன் சாவுக்கு அழுத தொண்டை. ஆண்டை வீட்டில் இழவு விழுந்தால் சேரியிலிருந்து ஆள் ஓடணும், இழவு சொல்லணும், பறை அடிக்கணும், பெண்கள் போய் மாரடிக்கணும். கூலி, கொஞ்சம் நெல்லு. நம்ம வீட்டுச் சாவுக்கு ஊர்த்தெரு எட்டிப் பார்க்காது. துக்கத்தைக்கூட ஊழியமாகச் செய்யவைத்த நாடு இது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. மேரியனுக்கும் வெண்மணிக்கும் கடல்தான் தூரம். கீழக்கரையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த இன்குலாப்பைத் திராவிட அரசியலிலிருந்து இடதுசாரிப் பக்கம் திருப்பியது வெண்மணித் தீ. அப்படித் திரும்பியவர் எழுதிய பாட்டுத்தான் 'மனுசங்கடா'.

அந்தத் தலைப்பில் உள்ள 'டா'வைக் கவனியுங்கள். நரைத்த தலைக்காரரைக்கூட 'டேய்' என்று கூப்பிட்ட ஊர்த்தெருவுக்கு அதே 'டா' திரும்பிப் போகிறது. இன்குலாப் எழுதியபோது அது தாளில் ஒரு எழுத்து. சிவகங்கைச் சீமையில் மாரந்தைக் கிராமத்தில் 1955இல் பிறந்து, சாதி தந்த அவமானங்களை 'வடு' என்று தன்வரலாறாகவே எழுதிய குணசேகரன் மேடையேறிச் சொன்னபோது, அது எதிரே நிற்கிறவன் முகத்தில் போய் விழுந்தது. நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடித்தேடி ஆராய்ந்த அந்தக் குரலில் ஒப்பாரி தெரிந்த கிழவிகளின் மூச்சு இருந்தது. கூலிக்கு அழுத தொண்டை தனக்காகத் திறந்தது.

அதனால் டீக்கடை மாணவருக்கு என் பதில் இது. எழுதியவர் யார் என்று கேள், கேட்கணும். மீரோபோலையும் இன்குலாப்பையும் மறைத்துவிட்டு எந்தப் பாட்டையும் நம்மதாக்க வேண்டியதில்லை. அதோடு இன்னொன்றையும் கேள். எந்தத் தொண்டை அதைச் சுமந்தது, சுமந்ததற்கு என்ன கொடுத்தது? அந்த இடத்தில்தான் பாட்டு நம்முடையதாகிறது.

கடைசியாக, கேட்கிறவர்களுக்கும் ஒன்று. கஃபே சொசைட்டியில் காசு கொடுத்துக் கேட்டு உருகியவர்கள் அத்தனை பேரும் மறுநாள் தெருவில் இறங்கவில்லை. நம்ம மேடைகளிலும் 'மனுசங்கடா'வுக்குக் கண்கலங்குகிற ஆதிக்க சாதித் தோழர்கள் உண்டு. அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் ஊரில் இரண்டு சுடுகாடு இன்னும் இருக்கிறதா என்று கேட்பேன்.

2016 ஜனவரியில் குணசேகரன் போனார், டிசம்பரில் இன்குலாப் போனார். பாட்டு இருக்கிறது. பாடுங்கள், பாடும்போது இரண்டு பேரையும் சொல்லிப் பாடுங்கள்.