மெட்டு அவர்களுடையது, அம்பாள் நம்முடையவள்



நம்ம சங்கரன்கோவிலில் இருந்து கழுகுமலை, கோவில்பட்டி வழியாகப் போனால் எட்டயபுரம். பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். 1835 தீபாவளி அன்று அவர் காலமானது அந்த ஊரில்தான்.

இளவயதில் சென்னை பக்கம் மணலியில் இருந்தபோது, கும்பினி பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். இவைதான் நோட்டுஸ்வரங்கள், ஏறக்குறைய 40. எல்லாம் சங்கராபரணம்.

“வெள்ளைக்காரன் மெட்டைக் காப்பியடித்தார்” என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 1964ல் அமெரிக்காவின் சுப்ரீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் மூவர், பீட்டில்ஸ் முதலான இங்கிலாந்துக் குழுக்கள் பாடிய பாட்டுகளைத் தங்கள் குரலில் பாடி ஓர் ஆல்பமே போட்டார்கள். அவர்கள் வரிகளை அப்படியே பாடினார்கள். தீட்சிதர் அப்படி விடவில்லை. ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு. மூலப்பாட்டு, ராஜாவைக் காப்பாற்று என்று கடவுளை வேண்டுவது. இவர் ராஜாவையே எடுத்துவிட்டு, சங்கீத சியாமளாவை அங்கே உட்கார வைத்தார். கயத்தாறில் கட்டபொம்மனைக் கும்பினி தூக்கிலிட்டது 1799ல். ஏறத்தாழ அதே காலம்தான்!

இந்தப் பாட்டுகளில் கமகம் கிடையாது, சின்னப் பிள்ளைகளுக்கு லேசாக வரும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றாவது சொல்லிக்கொடுங்கள்.