ரத்தசோகைக்குப் போட்ட இரும்பு ஊசி எங்கே போகிறது? (த்ரெட்)

1/ ரத்தசோகைக்கு இரும்பு ஊசி போட்டுக்கிட்டீங்களா? ஆலங்காயத்துல ஊசி, அப்புறம் வேலூர்ல எம்.ஆர்.ஐ. ஸ்கேன்னு போறவங்க இதைக் கட்டாயம் படிங்க.

2/ 1937-ல் இங்கிலாந்தின் மெக்கான்ஸ், விடோசன் ஒரு உண்மையைச் சொன்னாங்க: உபரி இரும்பை வெளியேற்ற நம்ம உடம்புக்கு வழியே கிடையாது. மொத்தம் 3-4 கிராம் இருக்கு. உதிரும் செல்களோடு தினமும் 1-2 மி.கி. போகும், அவ்வளவுதான். உபரியானதெல்லாம் சேமிப்பு.

3/ சேமிப்புக் கிடங்கு எது? முக்கியமா கல்லீரல். ரத்தத்தில் வரும் துகள்களை விழுங்கும் காவலாளி செல்கள் அங்கே இருக்கு. 1876-ல் இவற்றை விவரித்த குப்ஃபர் பெயரையே வச்சுட்டாங்க.

4/ 120 வருஷம் கழிச்சு அந்தப் பழக்கம் கைகொடுத்தது. 1996-ல் அமெரிக்கா அனுமதித்த ஃபெரிடெக்ஸ், இரும்பு ஆக்சைடு நுண்துகள். குப்ஃபர் செல்கள் விழுங்கினதும் நல்ல கல்லீரல் ஸ்கேனில் கறுத்துடும். பரவி வந்த புற்றுநோய்க் கட்டியில் அந்தச் செல்கள் இல்லை. அது வெளுப்பாகத் தனியா தெரியும்.

5/ இன்னும் சின்னத் துகள்கள் கல்லீரலைத் தாண்டி, ஒரு நாளில் நிணநீர் முடிச்சுகளுக்குப் போச்சு. 2003-ல் முகேஷ் ஹரிசிங்கானி குழு 80 புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் சோதிச்சாங்க. புற்று பரவிய முடிச்சுகளில் சாதா ஸ்கேன் கண்டது 35%, இரும்புத் துகளோடு 90%. ஆனாலும் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைக்கல.

6/ 2008-ல் ஃபெரிடெக்ஸ் தயாரிப்பும் நின்னுது. மறு வருஷமே அதே வகைத் துகள் வேறு வேஷத்தில் வந்தது: ஃபெருமாக்ஸிட்டால், சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு. அவங்களுக்கு வழக்கமான கேடோலினியம் ஆபத்துன்னு 2006-லேயே தெரிஞ்சிருந்ததால, ஸ்கேன் டாக்டர்களும் இதையே எடுத்துக்கிட்டாங்க. (கடும் ஒவ்வாமை வரலாம்னு 2015-ல் எச்சரிக்கை வந்தது, கவனமாத்தான் போடணும்.)

7/ இதன் பயணம்: ரத்தத்தில் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அப்புறம் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமா புது சிவப்பணுக்களுக்குள்ளே போகும். ஸ்கேனில் இதன் நிழல் 3 மாதம் வரை தெரியலாம்.

8/ விஷயம் தெரியாம பார்க்கிற டாக்டருக்கு, கறுத்த கல்லீரல் இரும்பு மிகை நோய் மாதிரி தோணும். தேவையில்லாத பயம், செலவு, அலைச்சல்.

9/ எல்லா இரும்பு ஊசியும் படத்தை ஒரே அளவு மாற்றாது. அதனால மருந்தின் பெயர், போட்ட தேதி ரெண்டையும் சீட்டில் எழுதி வாங்கி, ஸ்கேன் அறையில் முதல்லயே காட்டுங்க. ஸ்கேனுக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப் போடாதீங்க, குறிப்பா கர்ப்பிணிகள்.