சத்தம் போகணும், குரல் போகக் கூடாது! பழைய ஆடியோக்களை ஏஐ மூலம் சுத்தம் செய்வது எப்படி?

உங்கள் மொபைலைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வாய்ஸ் நோட், மிக்ஸி ஓட ஓடப் பாட்டி சொன்ன வத்தக்குழம்புப் பக்குவம், மேளச் சத்தத்துக்கு நடுவே தாத்தா செய்த ஆசீர்வாதம்... இப்படி ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். பேசியவர் இன்று நம்மோடு இல்லையென்றால், அந்த 40 விநாடி ஆடியோவுக்கு விலையே கிடையாது. ஆனால், போட்டுக் கேட்டால் ஃபேன் சத்தம்தான் முதலில் வருகிறது!

‘இதைச் சரிபண்ண ஸ்டுடியோவுக்குத்தான் போகணும்’ என்ற நிலைமை இப்போது இல்லை. ஏஐ கருவிகள் சில நிமிடங்களில் இரைச்சலைக் குறைத்துத் தந்துவிடுகின்றன. அதில் ஒரு சிக்கலும் உண்டு. அளவு மீறினால், சத்தத்தோடு சேர்ந்து அந்தக் குரலின் சாயலும் போய்விடும். எதை, எவ்வளவு, எப்படிச் செய்யலாம்? பார்ப்போம்.

ஏஐ அப்படி என்ன செய்கிறது?

இரைச்சலைக் குறைப்பது புது விஷயம் இல்லை. யாரும் பேசாத இடத்திலிருந்து இரைச்சலின் மாதிரியை எடுத்து, முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கும் முறையை 1979-லேயே ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் கட்டுரையாக வெளியிட்டார். ஃபேன், ஏசி போல ஒரே சீராக வரும் சத்தத்துக்கு இந்த முறை இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் ஹாரன், குக்கர் விசில், நாய் குரைப்பு என மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்திடம் இது திணறும்.

ஏஐ வேறு வழியில் வருகிறது. சுத்தமான பேச்சையும், அதே பேச்சில் இரைச்சல் கலந்த பதிவையும் லட்சக்கணக்கில் கேட்க வைத்து அதைப் பழக்குகிறார்கள். ‘மனிதக் குரல் என்றால் இப்படி இருக்கும்’ என்று கற்றுக்கொண்டு, மற்றதை ஒதுக்குகிறது.

இதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று, இருப்பதைப் பிரித்தெடுப்பது. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. இன்னொன்று, இருப்பதைக் கேட்டுவிட்டுப் புதிதாக ஒரு குரலை உருவாக்கித் தருவது. இரண்டும் ‘ஏஐ’ என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன என்பதால் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

முதல் ரகத்துக்குப் பிரபலமான உதாரணம், பீட்டில்ஸ் குழுவின் ‘நவ் அண்ட் தென்’ பாடல். ஜான் லெனன் 1970-களில் வீட்டில் பியானோ வாசித்தபடி கேசட்டில் பாடி வைத்தது அது. 1995-ல் மற்ற மூவரும் அதை முடிக்க முயன்று கைவிட்டார்கள். பதிவில் இருந்த மின் இரைச்சலும், குரலோடு பின்னிக்கிடந்த பியானோவும் பெரிய தடையாக இருந்தன. பிறகு, ‘கெட் பேக்’ ஆவணத் தொடருக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய தொழில்நுட்பம் லெனனின் குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தது. 2023 நவம்பரில் பாடல் வெளியானது. அதில் கேட்பது லெனன் பாடிய குரலேதான்.

இரண்டாவது ரகத்துக்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2024-ல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, அதற்கான தொகையும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். இது அவர்கள் முன்பு பாடிவைத்ததைச் சுத்தம் செய்தது அல்ல. அவர்களின் குரல் சாயலில் புதிதாகப் பாட வைத்தது.

நம் வீட்டு ஆடியோவுக்குத் தேவை முதல் ரகம். பாட்டி சொன்னதை அப்படியே கேட்க வேண்டும். பாட்டி மாதிரி யாரோ சொல்வதை அல்ல.

முதல் வேலை: ஒரிஜினலைப் பத்திரப்படுத்துங்கள்

எந்தக் கருவியைத் தொடும் முன்பும் ஒரிஜினல் ஃபைலை இரண்டு இடங்களில் காப்பி எடுத்து வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ, இன்னொன்று இமெயிலிலோ டிரைவிலோ இருக்கட்டும். சுத்தம் செய்ததை வேறு பெயரில் சேமியுங்கள். இன்றைக்கு முடியாதது அடுத்து வரும் கருவியில் முடியலாம். அதற்கு ஒரிஜினல் வேண்டும்.

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் என்றால், ஒரு போனில் ஓட விட்டு இன்னொரு போனில் ரெக்கார்டு செய்யாதீர்கள். அறையின் சத்தமும் எதிரொலியும் புதிதாகச் சேர்ந்துவிடும். அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து, ‘ஷேர்’ மூலம் ஃபைலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஓபஸ்’ என்ற ஃபார்மேட்டில் வரும். சில தளங்கள் அதை ஏற்காவிட்டால் ‘வேவ்’ ஃபார்மேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை: ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்

என்ன சத்தம் என்று தெரிந்தால்தான் என்ன மருந்து என்று தெரியும்.

* சீரான சத்தம்: ஃபேன், ஏசி, கேசட்டின் ‘உஸ்ஸ்’, கரண்ட்டின் ‘ம்ம்ம்’. எளிதில் போகும். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இந்த ‘ம்ம்ம்’ 50, 100, 150 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும்.
* திடீர் சத்தம்: ஹாரன், பாத்திரம் விழுவது, குக்கர் விசில். பழைய முறையைவிட ஏஐ நன்றாகச் செய்யும்.
* எதிரொலி: காலி ஹால், மண்டபம். ஓரளவு குறையும்.
* வேறு மனிதக் குரல்: டி.வி. சீரியல், பக்கத்தில் பேசுபவர். இதுதான் கஷ்டம். ஏஐ-க்கு இரண்டுமே ‘குரல்’தான்.

மைக்கின் வாய்க்கு நேராகக் கத்திப் பேசியதால் உடைந்துபோன ஒலியும், காற்று மோதி முழுக்க மூடிய வார்த்தைகளும் பெரும்பாலும் திரும்ப வராது. பதிவிலேயே இல்லாத ஒன்றை எந்தக் கருவி தந்தாலும், அது ஊகம்தான்.

எந்தக் கருவி யாருக்கு?

போனிலேயே முடிக்க: ஐபோனின் ‘வாய்ஸ் மெமோஸ்’ ஆப்பில் பதிவு செய்ததாக இருந்தால், ‘என்ஹான்ஸ் ரெக்கார்டிங்’ என்ற வசதியை ஆன் செய்தாலே இரைச்சலும் எதிரொலியும் குறையும். வீடியோவில் உள்ள சத்தத்துக்கு, கூகுள் பிக்ஸல் 8 முதல் ‘ஆடியோ மேஜிக் இரேஸர்’, சாம்சங் கேலக்ஸி எஸ்25 முதல் ‘ஆடியோ இரேஸர்’ வசதிகள் வந்தன. காற்று, கூட்டம், பேச்சு, இசை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். வேண்டாததை மட்டும் குறைக்கலாம்.

பிரவுசரில் செய்ய: ‘அடோபி பாட்காஸ்ட்’ தளத்தின் ‘என்ஹான்ஸ் ஸ்பீச்’ பலரும் பயன்படுத்துவது. ஃபைலை அப்லோடு செய்தால் ஸ்டுடியோவில் பேசியது மாதிரி மாற்றித் தரும். ‘ஆஃபோனிக்’ தளம் இரைச்சலைக் குறைப்பதோடு, சத்தமாகவும் மெதுவாகவும் மாறி மாறி வரும் பேச்சை ஒரே அளவுக்குக் கொண்டுவரும். இரண்டிலும் இலவசமாகப் பயன்படுத்த நேர வரம்பு உண்டு.

கம்ப்யூட்டரில் செய்ய: ‘ஆடாசிட்டி’ முழுக்க இலவசம். யாரும் பேசாத ஒன்றிரண்டு விநாடிகளை செலக்ட் செய்து, ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ உள்ளே ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’ கொடுங்கள். பிறகு முழு ஆடியோவையும் செலக்ட் செய்து, 6 டெசிபலில் ஆரம்பித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் 12 வரை போகலாம். இது கழித்தல் முறை. ஏஐ முறையில் நீக்க, இன்டெல் தரும் இலவச ‘ஓபன்வினோ’ பிளக்-இன்னை இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

100 சதவிகிதம் வேண்டவே வேண்டாம்!

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது. அளவைக் கூட்டும் ஸ்லைடர் இருந்தால் முழுக்கத் தள்ளிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் குரல் டப்பாவுக்குள் இருந்து வருவது மாதிரி ஆகும். மூச்சு, சிரிப்பு, ‘ம்க்கும்’ என்ற செருமல், வெற்றிலை மெல்லும் சத்தம் எல்லாமே கருவியின் கணக்கில் ‘இரைச்சல்’தான். நமக்கு அதுதானே தாத்தா!

பாதியில் ஆரம்பித்து, வார்த்தை புரிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். லேசாக ஃபேன் சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, ஒரிஜினலையும் புதியதையும் வாக்கியம் வாக்கியமாக ஒப்பிட்டுக் கேளுங்கள். மோசமான பதிவுகளில், குரலைப் புதிதாக உருவாக்கும் கருவிகள் சொல்லாத எழுத்தைச் சொன்னது மாதிரி ஒலிக்க வைக்கும். ல, ள, ழ வேறுபாடு, ஸ, ச போன்ற மெல்லிய ஒலிகள், ஊர்ப் பெயர், ஆள் பெயர், எண்கள்... இவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். ‘அரை ஸ்பூன்’ ‘ஆறு ஸ்பூன்’ ஆனால் குழம்பு என்னாவது?

முடிந்தால், அந்தக் குரலோடு வாழ்ந்த ஒருவரிடம் கேட்கக் கொடுங்கள். ‘இது அத்தை பேசுற மாதிரியே இல்லையே’ என்று அவர் சொன்னால், ஸ்லைடரைக் குறையுங்கள்.

கேசட்டில் இருந்தால்?

பரணில் கிடக்கும் கேசட் என்றால், அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் விதம்தான் பாதி வேலை. பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள். ஸ்பீக்கர் முன்னால் மொபைலை வைக்காமல், ஹெட்போன் துளையிலிருந்து கேபிள் மூலம் கம்ப்யூட்டருக்கு இணைத்து, ‘வேவ்’ ஃபார்மேட்டில் பதிவு செய்யுங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட விடாதீர்கள். டேப்பும் கெடும், பிளேயரும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இந்த இரண்டு இடங்களில் உஷார்

ஒன்று, அந்தரங்கம். பிரவுசரில் அப்லோடு செய்யும் ஆடியோ, அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. மருத்துவரிடம் பேசியது, பணம் சம்பந்தப்பட்டது, குடும்பப் பிரச்னை போன்றவற்றை ஆடாசிட்டி மாதிரி சொந்தக் கம்ப்யூட்டரிலேயே இயங்கும் மென்பொருளில் செய்யுங்கள். குரலை நகலெடுத்து மோசடி நடக்கும் காலம் இது. பெயர் தெரியாத ஆப்களில் வீட்டுப் பெரியவர்களின் குரலை ஏற்றாதீர்கள்.

இரண்டு, ஆதாரம். மிரட்டல், சொத்துத் தகராறு, வரதட்சணைக் கொடுமை என எதற்காவது ஆடியோவை போலீஸிலோ கோர்ட்டிலோ கொடுக்க நேர்ந்தால், ஏஐ பக்கமே போகாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியம், 63-வது பிரிவில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் ஃபைலின் ‘ஹாஷ் வேல்யூ’ குறிப்பிட வேண்டும். ஃபைலில் சின்ன மாற்றம் செய்தாலும் அந்த எண் மாறிவிடும். ஒரிஜினல் ஃபைலையும், பதிவான போனையும் அப்படியே வைத்திருந்து வக்கீலிடம் பேசுங்கள்.

இனி ரெக்கார்டு செய்யும்போது...

எந்த ஏஐ-யையும்விட நல்ல வழி, முதலிலேயே சுத்தமாகப் பதிவு செய்வதுதான்.

* போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.
* காலி ஹாலைவிட மெத்தை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள அறை நல்லது. எதிரொலியைத் துணிகள் விழுங்கிவிடும்.
* ஃபேன், டி.வி-யை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் பெரியவர்களை வியர்க்க வைக்க வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகப் பதிவு செய்யலாம்.
* பேச்சு தொடங்கும் முன் ஐந்து விநாடி அமைதியாகப் பதிவாகட்டும். பின்னாளில் இரைச்சலின் மாதிரி எடுக்க உதவும்.
* முடித்ததும் ஃபைலுக்கு யார் பேசியது, எந்த ஊர், எந்தத் தேதி என்று பெயர் வையுங்கள். பத்து வருடம் கழித்து ‘ஆடியோ 0047’ என்றால் யாருக்குத் தெரியும்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சாப்பிட்டு முடித்த மத்தியான நேரத்தில் போனை எடுத்து வைத்து, ‘உங்க கல்யாணக் கதையைச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!