தந்தை ந. சிவராஜும் பிழைக்கிற தண்ணியும்

பழவேற்காடு ஏரிக்கரையில் படித்த காலத்தில் ஆபிரகாம் லிங்கனை நெட்டுருப் போட்டோம். மரக்குடிசையில் பிறந்தார், வக்கீல் ஆனார், ஜனாதிபதி ஆனார், அடிமைகளை விடுவித்தார். எங்க செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே நாடாளுமன்றம் போன ஒரு வக்கீல் இருந்தார், நம்ம சனத்து ஆளு. அவர் பேரை எந்த வாத்தியாரும் சொல்லல. சேரிக்குள்ள நடந்த அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்டேன்: தந்தை ந. சிவராஜ்.

1892 செப்டம்பர் 29-ஆம் தேதி கடப்பையில் பிறந்தார். மறுநாள், செப்டம்பர் 30 அன்று, சென்னை அரசாங்கம் 1010 என்ற எண்ணுள்ள வருவாய்த்துறை ஆணையைப் போட்டது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையின் விளைவு அது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அந்த ஆணையில் பிறந்ததுதான். பழவேற்காடு உள்ள பொன்னேரி தாலுகாவும் அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். பிள்ளையும் ஆணையும் ஒரு நாள் இடைவெளியில் பிறந்தது தற்செயல்தான். ஆனால் இரண்டின் வரலாறும் கடைசிவரை பிரியவில்லை.

சிவராஜ் சட்டம் படித்தார், வழக்கறிஞர் ஆனார், சென்னைச் சட்டக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். தெருவில் நடக்காதே, கிணற்றைத் தொடாதே என்று சொன்ன ஊரில் ஒரு தலித் சட்டம் கற்பிக்கிறான் என்றால் அது சின்ன விஷயமா? 1926-ல் சென்னைச் சட்டமன்றம், 1937-ல் டெல்லி மத்தியச் சட்டசபை, 1945-ல் சென்னை மேயர் நாற்காலி. ரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் அவருக்கு மனைவி மட்டுமல்ல, மேடையில் தனித்து நின்ற தலைவரும்கூட.

பதவிகளை வரிசையாகச் சொன்னால் அவரைப் புரிந்துகொண்டதாகாது. 1942 ஜூலையில் நாகபுரி மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். அங்கேதான் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் பெடரேஷன் பிறந்தது. அதன் முதல் தலைவர் அவர்தான். தனிவாக்காளர் தொகுதி வேண்டும் என்பது பெடரேஷனின் கோரிக்கை. 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்ம பிரதிநிதியைச் சாதி இந்துக்களின் ஓட்டு தீர்மானித்தது. 1946 தேர்தலில் பெடரேஷன் அந்த ஓட்டுக்கு முன்னால் படுதோல்வி கண்டது. சட்டத்தை எழுதினால் போதாது, அதை நடத்துகிற அதிகாரமும் நம்ம கையில் இருக்கணும். இதை அந்த வக்கீல் பட்டுத் தெரிந்துகொண்டார்.

அம்பேத்கர் மறைந்த மறுவருஷம், 1957-ல், செங்கல்பட்டுத் தொகுதியில் ஜெயித்தார். அதே வருஷம் அக்டோபரில் இந்தியக் குடியரசுக் கட்சி உருவானபோது அதன் முதல் தலைவரும் ஆனார். உழுகிறவனுக்கு நிலம் என்பது கட்சியின் முக்கியக் கோரிக்கை. அமெரிக்கக் கதையிலும் புத்தகம் சொல்லாத பாதி இதுதான். 1865-ல் விடுதலையான கறுப்பர்களுக்குக் கடலோர நிலத்தில் 40 ஏக்கர் வரை என்று ஜெனரல் ஷெர்மன் ஆணை போட்டார். லிங்கன் கொல்லப்பட்ட பிறகு வந்த ஜனாதிபதி அதே வருஷம் அதைத் திரும்பப் பிடுங்கினார். விடுதலை இருந்தது, மண் இல்லை.

சிவராஜ் 1964 செப்டம்பர் 29 அன்று, பிறந்த தேதியிலேயே, இறந்தார். டிசம்பர் 6-ல் கட்சி நாடு முழுவதும் நிலப் போராட்டம் தொடங்கியபோது அவர் இல்லை. 1994 அக்டோபர் 10-ல் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போன சனத்தின் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். ஆணைக்கு அப்போது 102 வயசு.

நிலத்துக்காவது ஒரு காகிதம் இருக்கு. எங்க ஏரிக்கு?

எம்.சி. ராஜா கொண்டுவந்த 1938-ஆம் வருஷச் சட்டம் ஓடை, ஆறு, கிணறு, குளம், பாதை எல்லாம் நமக்கும் உண்டு என்றது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்கிறது. குடிக்கிற தண்ணிக்குச் சட்டம் வந்தது. பிழைக்கிற தண்ணிக்கு?

ஏரியில் வலை போடும் இடத்தையும் முறையையும் சீட்டுப் போட்டுப் பங்கிடுவது 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற பட்டினவர் குப்பங்களின் வழக்கம் அது. அவர்களுக்குள் சண்டை வராமல் காக்கிற நல்ல ஏற்பாடு, மறுக்கல. ஆனால் அந்தப் பட்டியலில் தலித் பேரும் இருளர் பேரும் கிடையாது. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற இருளப் பெண்ணுக்குச் சீட்டு ஏது? ஸ்ரீஹரிக்கோட்டா ராக்கெட் தளத்துக்காகக் கிளப்பப்பட்ட சனமும் இந்தக் கரைக்குத்தான் வந்தது. ஆள் பெருகிப்போச்சு. ஏழைக்கும் ஏழைக்கும் நடக்கிற தகராறு இது. பட்டினவரைப் பகையாக்குவது நம்ம வேலை இல்லை. பாட்டுக்கு வெளியே நிற்கிறவனையும் உட்கார வைத்துப் பேசுகிற இடம் வேண்டும் என்பதுதான் கேள்வி.

சிவராஜ் இந்த ஏரிக்காக வாதாடினார் என்று நான் கதை கட்ட மாட்டேன். அவர் விட்டுப்போன பாடம் வேறே. வழக்கம் என்று சொல்லும்போதெல்லாம், அது யாரைக் கேட்டு உண்டான வழக்கம் என்று கேள். காகிதத்தில் உரிமை வந்தால் அதோடு நிற்காதே. சபையில் உனக்கும் ஒரு இடம் கேள்.

ஒவ்வொரு செப்டம்பர் 29-க்கும் சிலைக்கு மாலை போடுகிறோம். போடுவோம். மறுநாள் 30-ஆம் தேதியையும் ஞாபகம் வைப்போம். அன்றைக்கு மனுவை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவோம்.